வீட்டைக் காப்பது கைகள்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரும். அங்குள்ள தட்சிணசித்ராவைப் பழைய வீடுகளின் காட்சியகம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். டெபோரா தியாகராஜன் முன்னின்று 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, நெல்லைச் சீமை அக்ரகார வீடு என்று தென்மாநில வீடுகளை இங்கே ஒரே நடையில் பார்த்துவிடலாம். பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான். பழைய வீட்டைக் காப்பாற்றுவது என்றால் அதைக் கட்டத் தெரிந்தவர்களையும், அதற்குள் தொழில் செய்யத் தெரிந்தவர்களையும் காப்பாற்றுவது. அவர்கள் இல்லாவிட்டால் மிஞ்சுவது மரமும் ஓடும்தான்.

நெசவாளர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை இறக்கி மிதியை மிதிக்கும் குழித்தறியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கூடம் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஓடும் நாடா கரைக்குள் போகக்கூடாது. கரைக்குத் தனி நாடா வேண்டும். அதனால் நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர் வீட்டு ஆளாகவே இருப்பார். ஆக, கூடம் என்பது அங்கே ஒரு குடும்பத்தின் பட்டறை. மண்பாண்ட வேலையும் அப்படித்தான். நம் ஊர் முறையில் சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும் பானைக்கு அடி இருக்காது. நிழலில் உலர்ந்து சற்று இறுகியதும், உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து வெளியே மரக்கட்டையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். அவசரப்பட்டால் மண் குழையும், தாமதித்தால் வெடிக்கும். அந்தப் பதத்தைச் சுவரில் எழுதி மாட்டினால் யாருக்கும் பிடிபடாது. தட்டுகிறவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்குத்தான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீளும் செட்டிநாட்டு வீட்டில், பின்கட்டு முழுக்கச் சமையலுக்கானது. வற்றல் காயவும் மாவு உலரவும் முற்றத்து வெயில், இடிக்க உரல், அரைக்க அம்மி, ஆட்ட ஆட்டுக்கல். உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகும் நெய்யும் விட்டுக் கிளறும் கும்மாயத்தைச் சாப்பிட்டால் அந்தக் கட்டின் பயன் நாக்குக்குத் தெரிந்துவிடும். செட்டிநாட்டார் செய்த பர்மா வணிகத்தின் வரலாற்றை, அங்கிருந்து வந்த தேக்கில் செய்த தூண் சொல்கிற அளவுக்கு, அவ்வழியே வந்த கவுனி அரிசியும் சொல்கிறது. அரைப்பது இன்று மிக்சிதானே என்று கேட்கலாம். கேட்கட்டும். பக்குவம் தெரிந்த கை இருக்கும்வரை அது பெரிய குறையில்லை.

சொந்த ஊரிலிருந்து பிடுங்கி வந்து தட்சிணசித்ராவில் நட்ட வீடு உண்மையான வீடாகுமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. முழுதாக ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காஞ்சிபுரத்தில் பாவு நீட்டுவதற்குத் தெருவே தொழிற்கூடம். அந்தத் தெருவை யாராலும் பெயர்த்து எடுத்துவர முடியாது. ஆனால் அந்த வீடுகள் சொந்த ஊரிலேயே இடிபட்டிருந்தால் கதவு ஒரு கடைக்கும் தூண் ஒரு ஹோட்டலுக்கும் போயிருக்கும். ஸ்டாக்ஹோமில் 1891இல் தொடங்கிய ஸ்கான்சென் காட்சியகமும் பெயர்த்து நட்ட வீடுகளால் ஆனதே. மேலும், பிரித்த வீட்டைத் திரும்பப் பூட்டத் தச்சரும் கொத்தனாரும் தேவைப்படுகிறார்கள். அந்த வேலையிலேயே தொழில் அடுத்தவருக்குக் கைமாறுகிறது. காட்சியகத்தில் தொழிலைச் செய்துகாட்டச் சொல்வது உழைக்கிறவரை வேடிக்கைப் பொருளாக்குவதுதானே என்ற கவலை எனக்கும் உண்டு. அதற்கு மருந்து நல்ல கூலியும், செய்த பொருளை நேரே விற்கும் வசதியும், சொல்லிக்கொடுப்பவருக்கு உரிய மரியாதையும். ஆளை அகற்றிவிட்டுப் பொம்மையை வைப்பது மருந்தாகாது.

தாம்பரத்துக்கு அருகே சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் நாட்டு ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளுக்கு இடம்விட்டு வருகின்றன. எல்லாவற்றையும் முட்டுக்காட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இடிபடப் போகிறதென்றால், அதற்குமுன் அளந்து படமெடுத்து வையுங்கள். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் இன்னும் அந்த ஊரில் இருந்தால், அவர் சொல்வதையும் பதிவுசெய்யுங்கள்.