பெட்டி மாறும்போது

ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு வயதாகிவிட்டது. டியூஷன் பிள்ளைகளுக்கு என் மனைவி வினாத்தாள் அடிப்பது அதில்தான். புதிதாக லேப்டாப் வாங்கியாயிற்று. காசு கொடுத்து வாங்கிய எம்எஸ் ஆபீஸை அதற்கு மாற்ற வேண்டும். "எதுக்கு சார் அலையறீங்க, நானே ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்றார் கடைத் தம்பி. அவர் சொன்னது கிராக் பண்ணிய பிரதி. அதைப் போடுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியில் அந்த வேலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். காசு கொடுத்தவனுக்கு நேர்வழி ஒன்று இருந்தாக வேண்டும்.

இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. கணினியோடு சேர்ந்தே வரும் ஓஇஎம் பிரதிக்கு அந்தக் கணினியோடு ஆயுள் முடிந்தது. தனியாக வாங்கிய ரீடெய்ல் பிரதியை மாற்றிக்கொள்ளலாம். 365 சந்தாவில் இந்தத் தொல்லையே கிடையாது, ஒரே நேரத்தில் ஐந்து கருவிகளில் திறக்கலாம். பணம் கட்டுவதை நிறுத்தினால் திருத்தி எழுதும் வசதி போய்விடும்.

ரீடெய்ல் பிரதிக்கு இந்தச் சலுகை கேட்டு வாங்கப்பட்டது. ஆபீஸ் 2013 வெளிவந்தபோது, எந்தக் கணினியில் முதலில் ஏற்றினீர்களோ அதோடு சரி என்றுதான் உரிமத்தில் எழுதியிருந்தது. கணினியை மாற்றினால் மறுபடி முழு விலை. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். அந்த ஆண்டு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்து, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு வேறு கணினிக்கு மாற்றலாம், 90 நாளுக்கு ஒருமுறை என்றது. அன்று சண்டை போட்டவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். விலை கொடுத்தது மனிதன். உரிமமும் அவன் பின்னால்தான் வர வேண்டும். மதர்போர்டு எரிந்தால் அதுவும் சேர்ந்து எரிவது நியாயமே இல்லை.

2010 பதிப்பு வரை 25 எழுத்துச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். அதன் பிறகு எல்லாம் மின்னஞ்சல் கணக்கில். எங்களுடையது 2021. டெஸ்க்டாப்பில் நீக்கிவிட்டு, லேப்டாப்பில் அதே கணக்கில் நுழைந்து இறக்கினால் வேலை முடிந்தது. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி இருந்து எது எது என்று குழம்பினால், ஆபீஸ் ஃபோல்டருக்குள் ஓஎஸ்பிபி என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் அதை ஓட்டினால் சாவியின் கடைசி ஐந்து எழுத்தைக் காட்டும். அதை வைத்து எது எது என்று பிரித்துப் பார்க்கலாம். ஃபோல்டரின் பெயர் ஆபீஸ்16 என்றிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். 2016, 2019, 2021 மூன்றுக்கும் அதே பெயர்தான்.

மென்பொருள் வந்துவிட்டது, வினாத்தாள்கள் வரவில்லை. பழைய தாள்களெல்லாம் பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். திருக்குறள் வினா முழுக்க அப்படித்தான் நின்றது. எழுத்துருவை எடுத்துவந்து போட்டதும் சரியாயிற்று. ஆனாலும் அடுத்த கணினிக்கு மாறும் முன் அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. என் மனைவி பல வருஷமாகச் சேர்த்த சொந்த அகராதியும் நார்மல் டெம்ப்ளேட்டும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் கிடந்தன. அவற்றை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. டெஸ்க்டாப்பை ஃபார்மட் செய்யும் முன் அவசியம் எடுத்துவிட வேண்டும்.

டெஸ்க்டாப்பில் இப்போது லிப்ரெஆபீஸ் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. கணக்கும் வேண்டாம், சாவியும் வேண்டாம். அட்டவணை உள்ள தாள்களில் கோடுகள் கொஞ்சம் நகர்கின்றன. மற்ற தாள்களைப் பிள்ளைகளே அதில் திறந்து பிரின்ட் எடுத்துக்கொள்கிறார்கள்.