தூம்பா வண்டி

அப்பா செத்தது 1991 ஐப்பசியில். அடைமழை. எங்க பங்குக் கோயிலில் ஒரு தூம்பா வண்டி உண்டு. பிணத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற கறுப்புச் சாயம் அடித்த மரவண்டி. அதைப் பழுதுபார்க்க எங்க தெருவிலும் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். வண்டி மட்டும் எங்க தெருவுக்கு வந்ததில்லை. ஊர்ப் பேரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று ஆகிவிடும்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயசு. வாத்தியார் வேலை கிடைத்துவிட்ட தைரியத்தில் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "சாவி ஊர்க்காரங்க கையில இருக்குப்பா. சாவு வீட்ல எதுக்குப் பிரச்சனை? பொறுத்துப் போங்க" என்றார். அந்தக் கோயில் கோபுரத்துக்குச் செங்கல் சுமந்தவர் எங்கப்பா. மழையில் பெட்டியும் வந்து சேரவில்லை. பாடை கட்டி வயல் வழியே தூக்கினோம். வரப்பில் ஒருத்தன் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. அப்பாவோட கை துணிக்கு வெளியே வந்து தொங்கியது. அதை எடுத்து உள்ளே வைத்தது நான்தான்.

அதோடு கோயிலை விட்டேன். விட்டேனே தவிர அது என்னை விடவில்லை. பயம் வந்தால் வாய் தானாக 'அருள் நிறைந்த மரியே' சொல்லும். சொல்லிவிட்டு என்மேலேயே கோபம் வரும். அம்மா மட்டும் பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. "மனுசன் பண்ணதுக்கு நான் ஏன்டா சாமிய உடணும்?" என்பாள். அவளோடும் சண்டை.

தாசில்தார் ஆபீசிலும் கதவு சாத்தித்தான் இருந்தது. 1950 ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்கணும். 1956ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நாங்க இன்னும் வெளியேதான். சர்ட்டிபிகேட்டில் பறையன் இல்லை, கோயிலுக்குள்ளே பறையன்.

பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்தவர் எழுதியது என்று கேள்விப்பட்டு வாங்கினேன். ஒரே ராத்திரியில் படித்தேன். நமக்கு மட்டும் நடக்கவில்லை என்று தெரிந்தது. கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

2003ல் போப் இரண்டாம் யோவான் பவுல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதியைக் கண்டித்துப் பேசினார். பேப்பரில் படித்து அம்மாவிடம் சொன்னேன். "அவரு வந்து சாவி வாங்கித் தருவாரா?" என்றாள். 2008ல் எறையூரில் கோயிலுக்குள் சமஉரிமை கேட்ட நம்ம சனத்தின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் ரெண்டு உயிர் போச்சு.

2010ல் ஒரு சாமியார் மாறி வந்தார். வாரம் ஒருதரம் எங்க திண்ணையில் உட்காருவார். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார். இதில் நான் மயங்கவில்லை. சேரியில் சாப்பிட்டு போட்டோ பிடித்துக்கொள்கிற சாமியார்களை நிறையப் பார்த்தாச்சு. ஆனால் இவர் கோயிலுக்கு வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஒருநாள் அப்பாவோட கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதது. மன்னிச்சிடுங்க, மறந்துடுங்க என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர், "அது எந்த வரப்பு? காட்டுங்க" என்றார். ரெண்டு பேரும் நடந்தே போனோம். அந்த இடத்தில் நின்று அழுதேன். இருபது வருசத்து அழுகை.

2012ல் அம்மா போய்ச் சேர்ந்தாள். சாமியாரே போய்ச் சாவி கேட்டார். மத்தியானம் வரைக்கும் கொடுக்கவில்லை. பூசை உடுப்போடவே வந்து பெட்டியின் ஒரு முனையைத் தோளில் வாங்கி அதே வரப்பில் நடந்தார். அடுத்த ஞாயிறு பூசையில், "எல்லார் சாவுக்கும் வராத வண்டி யார் சாவுக்கும் வேணாம்" என்று சொல்லி, கொட்டகைக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். ஆறே மாசத்தில் அவருக்கு மாறுதல் வந்தது.

அவர் போனதும் மறுபடி நின்றுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். எங்க தெரு அன்பியத்துப் பொம்பளைங்க விடவில்லை. அம்மா செபமாலையை என் வீட்டு வாசலில் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மா இடத்தில் ஒரு பாயைக் காலியாக விட்டு வைத்தார்கள். மூணாம் வாரம் நான் அதில் உட்கார்ந்தேன்.

இப்போது சில ஞாயிறு பூசைக்குப் போகிறேன். வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். மன்னிச்சிட்டீங்களா சார் என்று கேட்கிறார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லையே. கொட்டகையில் ரெண்டு பூட்டும் துருப்பிடித்து அப்படியே தொங்குது. உள்ளே நுழையும் முன்னால் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.