ஏறினது ஒரு பக்கம், இறங்கினது ஒரு பக்கம்

போன வாரம் மகன் டொராண்டோ கிளம்பினான். பெங்களூரு ஏர்போர்ட்ல வச்சு, "ரெண்டே வருஷம்பா, வந்துடுவேன்"னான். 2000-ல அம்பாசமுத்திரத்துல பஸ் ஏறினப்ப எங்கப்பாகிட்ட நானும் இதே வசனத்தைத்தான் சொன்னேன். பதில் சொல்ல வாய் வரலை. வீட்டுக்கு வந்து உக்காந்தா, குமார பர்வதம் ஏறின ஞாபகம்.

2008 டிசம்பர். அவனுக்கு 13 வயசு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைவா இருந்த நேரம். தங்கமணிக்கு குக்கே சுப்ரமண்யா கோயில் போகணும், பையனுக்கு மலை ஏறணும். ரெண்டையும் ஒண்ணாக்கினேன். தங்கமணி பஸ்ல நேரா குக்கே. நாங்க ரெண்டு பேரும் குடகுப் பக்கம் ஏறி, கோயில் பக்கம் இறங்குறது.

சோமவார்பேட்டை வரைக்கும் ராத்திரி பஸ், அங்கிருந்து பீடஹள்ளிக்கு ஜீப். எங்களை இறக்கிவிட்டுட்டு ஜீப் திரும்பிடுச்சு. உச்சி 1712 மீட்டர். இந்தப் பக்கம் சுமார் 7 கிலோமீட்டர்தான். பாதி தூரத்துக்கும் மேல காட்டு நிழல், கடைசியில கை ஊனி ஏற வேண்டிய பாறைச் சரிவு. மேல சின்னதா ஒரு கல் கோயில். தாரகாசுரனைக் கொன்னுட்டு வந்த முருகனுக்கும் தேவசேனைக்கும் இங்கதான் கல்யாணம்னு இந்த ஊர் ஐதீகம். (நம்ம ஊர்ல கேட்டா திருப்பரங்குன்றம்! மாப்பிள்ளையும் ஊர் மாறினவர்தான் போல.)

வினை இறங்கும்போதுதான் வந்துச்சு. குக்கே பக்கம் சுமார் 13 கிலோமீட்டர். சேஷ பர்வதம் தாண்டி புல்வெளிக்கு வந்தா பொட்டு நிழல் கிடையாது. என் முட்டி மடங்க மாட்டேன்னுடுச்சு. பாட்டில்ல தண்ணி ரெண்டு மடக்கு.

"வந்த வழியே திரும்பிடலாம்டா"ன்னேன்.

"அங்க ஜீப் இல்லையேப்பா."

எதிர்ல ஏறி வந்த பெரியவர்கிட்ட, தண்ணி எங்க கிடைக்கும்னு பையன் கன்னடத்துல கேட்டான். அவர் கீழ கையைக் காட்டி, "இல்லே இதே"ன்னார்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. எட்டு வருஷமா "கன்னட கொத்தில்லா"வை வச்சே காலம் தள்ளினவன். இல்லேன்னா இல்லைதானே?

பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். "இல்லைன்னு சொல்லலைப்பா. 'இல்லே'ன்னா இங்கேயேதான்னு அர்த்தம்."

கல் மண்டபத்துக்குப் பக்கத்துல நிஜமாவே தண்ணி இருந்துச்சு. அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டே பட்டர் மனை வந்து சேர்றப்ப இருட்டிடுச்சு. சோறு, சாம்பார், மோர். அந்த மோரோட ருசி இன்னும் நாக்குல இருக்கு. மறுநாள் காட்டு வழியா குக்கே. தங்கமணி பார்த்த பார்வையைப் பத்தி எழுத வேண்டாம்.

(போக நினைக்கிறவங்களுக்கு: 2024 குடியரசு தின விடுமுறையில அங்க கூட்டம் நெரிஞ்சதுக்கு அப்புறம் வனத்துறை ஆன்லைன் முன்பதிவு கொண்டுவந்துச்சு. விதிமுறையைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.)

எங்கப்பா கடைசி வரைக்கும் "எப்படா திரும்புவே?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். ஏறின பக்கம் ஜீப் போயிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரலை.

நேத்து மகன் போன் பண்ணினான். எப்ப வர்றேன்னு நான் கேக்கலை. "தண்ணி எங்க இருக்குன்னு அந்த ஊர்க்காரங்களை அவங்க பாஷையிலேயே கேக்கப் பழகிக்கடா"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இல்லே இதே"ன்னு சொல்லிச் சிரிச்சான்.