வெள்ளைத் துணிக்கு வெள்ளைப் பேரிங்

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குள் கால் வைத்ததுமே செருப்பு நனைந்துவிட்டது. தரையெங்கும் வெதுவெதுப்பான தண்ணீர். "நாக்குல வெச்சா கரிக்குமுங்க" என்றார் ஃபிட்டர் அண்ணன். கரிக்காமல் என்ன செய்யும்? பருத்தியில் அடர்நிறம் ஏற வேண்டுமானால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு சேர்க்கிறார்கள். பிறகு சோடா. இந்தக் கரைசலில் நனைந்த துணி நாள் முழுக்க ரோலர்கள்மீது ஓடுகிறது. அந்த ரோலர்களின் இரண்டு முனையிலும் பேரிங்.

கழற்றிப் போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 6203. ரப்பர் சீல் போட்டதுதான். ஆனாலும் சோடாவும் சோப்பும் கலந்த சுடுதண்ணீர் கிரீஸைக் கரைத்துவிட்டு உள்ளே குடியேறியிருந்தது. சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம். மறு கையில் புதியதை வைத்தார். உள்துளை 17 மி.மீ., வெளிவட்டம் 40, தடிமன் 12 என்று அதே அளவு. வளையங்கள் வெள்ளை டெல்ரின் பிளாஸ்டிக், நடுவே மிளகைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குண்டுகள். எடை இரும்பில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பிளாஸ்டிக்குக்கே வழுக்கும் குணம் உண்டு, அதனால் மசகு வேண்டாம்.

துருவுக்குப் பயந்து மாற்றினீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "துரு புடிச்சா ஒரு பேரிங் போகுமுங்க. கிரீஸ் ஒரு சொட்டு வெள்ளைத் துணில விழுந்தா ஒரு ரோலே செகண்ட்ஸ்."

மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். அந்த வண்டிமை பட்ட வேட்டியைப் பாட்டி எத்தனை முறை துவைத்தும் வெளுத்ததில்லை. இங்கே கறை துணியோடும் நிற்பதில்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் தொழில் என்றாகிவிட்டது. அந்தச் சுத்திகரிப்பில் உள்ள ஆர்.ஓ. சவ்வுக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது.

இதைக் கேட்டு எல்லா இடத்திலும் வெள்ளைப் பேரிங்கை மாட்டக் கூடாது. "எங்க பையன் ஒருத்தன் ஸ்டென்டர்ல மாட்டிப்புட்டான்" என்றார். துணியை விறைப்பாக இழுத்து உலர்த்தும் அந்த மெஷினுக்குள் 150 டிகிரிக்கு மேல் அனல் காற்று. டெல்ரின் பேரிங்குக்கு 80 டிகிரி சுமார் எல்லை. வளையம் இளகிப் பிடித்துக்கொண்டது, ரோலர் நின்றது, துணி அதன்மேல் தேய்ந்து நீளமாகக் கோடு விழுந்தது. கொதிக்கும் பிளீச்சிங் தொட்டியிலும், டன் கணக்கில் அழுத்தித் தண்ணீர் பிழிகிற ரோலரிலும் இரும்புதான். பாரம் குறைவு, வேகம் குறைவு, ஈரம் அதிகம் என்றால் பிளாஸ்டிக் ராஜா.

மாட்டும் விதமும் வேறு. இரும்புப் பேரிங்கைக் குழாய் வைத்துச் சுத்தியலால் இறக்குவார். இதைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். சூட்டில் பிளாஸ்டிக் இரும்பைப்போல ஒன்பது, பத்து மடங்கு விரிவதால் இறுக்கிப் பொருத்தினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒடிசாவிலிருந்து வந்த உதவியாளுக்கு இதை இந்தியும் தமிழும் சைகையுமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

அவருக்கு ஒரு குறை உண்டு. ஸ்குரூ டிரைவர் நுனியைப் பேரிங் உறையில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, "இது இன்னும் பத்து நாள்" என்று சொல்லிவிடும் ஆள் அவர். முப்பது வருடக் காது. பிளாஸ்டிக் அப்படிக் கத்துவதில்லை. சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே போகிறது. அதனால் இப்போது மெஷின் நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு ரோலரையும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஆட்டம் தெரிந்தால் மாற்றிவிடுவார். "முன்னெல்லாம் அது கூப்பிடும், நான் போவேன். இப்ப நானாப் போய் விசாரிக்கணுமுங்க."

கிரீஸ் கன் எங்கே என்று கேட்டேன். ஸ்டென்டர் பக்கம் கைகாட்டினார். அங்கே ஆணியில் தொங்கியது, மூக்கில் ஈரம் காயாமல்.