நாடா இறுகும் இடம்

நவம்பர் 9, 2024, சனி

காலையிலிருந்து மழை. ரத்தோட்டை டவுனுக்குப் போகவில்லை. பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் இந்திய டாக்டர்கள் எழுதியதைப் படித்தேன். 70 வயதுப் பெண்ணுக்கு வலது விலாவுக்குக் கீழே, இடுப்போரம் ஒரு புண். 18 மாதமாக ஆறவில்லை. சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது. சதை எடுத்துச் சோதித்தால் புற்றுநோய். காரணம், சீலைக்குள் இறுக்கிக் கட்டிய உள்பாவாடை நாடா.

இன்னொருவர் அறுபதைத் தாண்டியவர். அவர் உள்பாவாடையே கட்டுவதில்லை. லுக்டா என்னும் சீலையை 40 வருடமாக இடுப்பில் இறுக்கிச் சுற்றியவர். அவருக்கு நோய் தொடை இடுக்கு நிணநீர் முடிச்சு வரை பரவிவிட்டது.

தோல் புற்றுநோய் என்றால் வெயிலைத்தான் சொல்வார்கள். இது வெயிலே படாத இடம்.

நவம்பர் 10

நேற்றுப் படித்த நோய்க்கு மர்ஜோலின் புண் என்று பெயர். ஆறாத புண்ணிலும் பழைய தழும்பிலும் அபூர்வமாக வரும் புற்றுநோய். நாடா உரச உரசத் தோல் தேய்கிறது, வெடிக்கிறது, ஆறுமுன்னே மறுபடி உரசுகிறது. இப்படியே வருடங்கள் போனால் ஆற முயலும் செல்களே கெட்டுப்போகலாம். 1945இலேயே கானோல்கரும் சூர்யாபாயும் வேட்டி கட்டும் ஆண்களின் இடுப்பில் இப்படிப் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி நெருப்புச்சட்டியால் தொடையிலும் வயிற்றிலும் புற்றுநோய் வரும். உடுப்பும் பழக்கமும் நோய்க்கு இடம் குறித்துக் கொடுக்கின்றன.

நவம்பர் 17

நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், வீட்டில் இருக்கும்போதாவது இளக்கிவிடுங்கள் என்பது அந்த டாக்டர்களின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களை அவர்கள் மனதில் வைத்திருக்கமாட்டார்கள். மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும், கொழுந்து பறிக்கும் அக்காவிடம் சொன்னேன்.

"தளத்திக் கட்டுனா மலையில ஏறயில அவுந்துருமே டீச்சர்? அதுக்கு மேல படங்குத் துணியும் கட்டணும். படங்க இறுக்கலன்னா தேயில வாது வயித்தக் கிழிச்சிரும்."

இடுப்பில் கறுத்த தடம் இருக்கா என்று கேட்டேன். "அது இல்லாத பொம்பள யாரு?" என்று சிரித்தார். கறுத்த தடமெல்லாம் புற்றுநோய் இல்லை, மிகச் சிலருக்குத்தான் அப்படி ஆகும் என்று விளக்கினேன். புண்ணாகிச் சில வாரத்தில் ஆறாவிட்டால் மட்டும் மாத்தளை ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன்.

"ஒரு பேரு போயிருமே" என்றார். ஒரு நாள் சம்பளம். பிறகு, "அங்க பொம்பள டாக்டர் இருப்பாங்களா?" என்று கேட்டார்.