காணாக் கதிரும் கருமணலும்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை மனிதன் பெரும்பாலும் இரு வகையில் எதிர்கொள்கின்றான். ஒன்றில் அதற்கு அஞ்சுகின்றான். அன்றேல் அப்படியொன்று இல்லையென்றே இருந்துவிடுகின்றான். மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதனை அளந்தறிவதே அவ்வழி. கதிர்த்தொழிற்பாடு பற்றிய நமது பேச்சில் அச்சமும் அசட்டையும் மலிந்துள்ள அளவிற்கு அளவை இடம்பெறவில்லை என்பது என் எண்ணம். சீனன்குடாவிற் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலும், பௌதிகம் பயின்றவன் என்ற முறையிலும் இதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

நிலையற்ற அணுக்கருக்கள் சிதையும்போது வெளிப்படும் கதிர்கள் பிரதானமாக மூவகைப்படும். 1899 இல் றதபோட் என்னும் அறிஞர் அவற்றை அல்பா, பீற்றா எனப் பிரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டில், இவற்றினும் மிகுதியாக ஊடுருவும் கதிரொன்றைப் பாரிசில் போல் வில்லாட் கண்டார்; அதற்குக் காமா என்னும் பெயரை 1903 இல் றதபோட்டே இட்டார். அல்பா என்பது ஈலியத்தின் கரு. ஒரு தாளே அதனைத் தடுத்துவிடும். பீற்றா விரைந்து செல்லும் இலத்திரன். சில மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகடு அதற்குப் போதும். காமாவோ துணிக்கையன்று, ஒளியின் இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலை. அதனை நலிவிக்கத் தடித்த ஈயமோ கொங்கிறீற்றோ வேண்டும். எனினும், தாளைக் கடக்கமாட்டாத அல்பாவே தூசியோடு மூச்சுவழி நுரையீரலை அடையுமாயின் பெருங்கேடு விளைக்க வல்லது. ஆகவே, எக்கதிர் கொடியது என்று வினவுவதிற் பயனில்லை. அது எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு வருகின்றது, எத்துணை நேரம் படுகின்றது என்றே வினவுதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியின் தொடக்க காலத்தில் நம் நாட்டு மண்ணுக்கும் ஓர் இடமுண்டு. கலை ஆய்வாளராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அக்காலத்தில் இங்கு கிடைத்த பாரமான கருநிறக் கனிப்பொருளொன்று, 1904 இல் புதியதெனத் துணியப்பட்டுத் தோரியனைற்று எனப் பெயர்பெற்றது. இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பினை இலண்டனில் ஆராய்ந்த ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மனிய இளைஞர், இன்று தோரியம்-228 எனப்படும் பொருளை 1905 இல் கண்டறிந்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவைக் கண்டமைக்காக நோபல் பரிசு பெற்றவர் அவரே.

அத்தோரியம் எங்கள் கிழக்குக் கரையிலும் உண்டு. சீனன்குடாவிலிருந்து நகரைக் கடந்து, நிலாவெளி, குச்சவெளி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் புல்மோட்டையை அடையலாம். பாறைகள் உதிர்ந்த துகளை ஆறுகள் கடலிற் சேர்க்க, வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் பாரமான மணிகளைக் கரையில் ஒதுக்குகின்றன. அக்கருமணலிலிருந்து இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் என்பவற்றைப் பிரித்தெடுப்பதற்கென 1957 இல் ஒரு கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இவற்றோடு சிறு பங்காகக் கலந்திருப்பது மொனசைற்று. தோரியம் உறைவது அதிலேயாம். தோரியம்-232 இன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள். ஆறு அல்பாவும் நான்கு பீற்றாவும் உமிழ்ந்து அது ஈடில் ஈயமாகின்றது. இடையிடையே காமாக் கதிர்களும் வெளிப்படுகின்றன.

என் பெரியம்மா புல்மோட்டைப் பக்கத்திற் பிறந்து, மணமுடித்துச் சீனன்குடாவிற்கு வந்தவர். முதுமையில் அவருக்குப் புற்றுநோய் கண்டது. கோபாற்று-60 இன் காமாக் கதிரைப் புறத்தேயிருந்து செலுத்திச் சிகிச்சை அளித்தனர். வீடு திரும்பியவர், பிறந்து மூன்று மாதமேயான தம் பேர்த்தியைத் தொட மறுத்துவிட்டார்.

"பிள்ளையைக் கிட்டக் கொண்டு வராதே மகன், என்ர உடம்புக்குள்ள அந்தக் கதிர் நிக்குது" என்றார். தமக்கெனக் கோப்பையும் பாயும் தனியே வைத்துக்கொண்டார். ஏழு கிழமைகள் இவ்வாறு கழிந்தன. விடுமுறையில் நான் வீடு சென்றபோதுதான் இது தெரியவந்தது.

"விளக்கை அணைத்த பிறகு சுவரில வெளிச்சம் தங்குமா பெரியம்மா? இதுவும் அப்படித்தான்" என்றேன். சற்று நேரம் யோசித்தார். "அப்ப, சின்னனில நாங்கள் விளையாடின மணல்?" என்று கேட்டார். அம்மணலில் அக்கதிர் உண்மையாகவே உண்டு என்றேன். அவர் சிரித்தார். பின் பிள்ளையைத் தரும்படி கைகளை நீட்டினார்.

அடுத்த தை மாதத்தில் அவர் காலமானார். அவருக்குக் கிடைத்த சில மாதங்களுள் ஏழு கிழமைகளை வீணே பறித்தது நோயன்று. அவருக்கு விளங்கும் மொழியில் எவரும் இரண்டு வாக்கியம் சொல்லாமையே அதற்குக் காரணம்.

எல்லா அச்சமும் வீண் என்று இதனாற் கொள்ளலாகாது. கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனை உட்கொண்ட நோயாளர் சில நாள்கள் குழந்தைகளை விலகியிருத்தல் அவசியமே. அங்கே கதிரை உமிழும் பொருள் உடலினுள் இருக்கின்றது. கரையிலுள்ள மணல் வேறு; பிரித்துச் செறிவாக்கிய மொனசைற்றின் தூசி வேறு. உலகில் ஒருவர் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட்டு என்பர். மொனசைற்று மிகுந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் இது பன்மடங்கு கூடிய இடங்களும் உள. அங்கு ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2009 இல் வெளியான ஆய்வு, நிலத்தின் காமாக் கதிரினாற் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. கரையில் வாழ்வோர்க்கு இது ஆறுதல் தரும். ஆனால் ஆலைத் தூசியிடையே தொழில் செய்பவரின் நுரையீரலுக்கு இம்முடிவு பொருந்துமெனக் கொள்ள முடியாது. அவர்க்கு வேண்டியவை முகக்கவசமும் ஒழுங்கான அளவீடும், அவ்வளவீட்டின் பொருளைத் தம் மொழியில் அறியும் உரிமையுமாம்.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிப்பது பரீட்சைக்கு மட்டுமே உரிய கருமமன்று. அல்பா, பீற்றா, காமா என்று வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி பெற்ற நம்மில் எத்தனை பேர் அதனை நம் வீட்டுத் திண்ணையிற் சொல்லியிருக்கின்றோம்? எங்கே அஞ்சவேண்டும், எங்கே அஞ்சவேண்டியதில்லை என்பதைக் கருமணற் கரையில் வாழும் ஒரு தாய்க்கு விளங்கவைக்க இயலுமாயின், நாம் பெற்ற கல்விக்கு அதுவே தக்க பயன் எனலாம்.