அணைத்த ப்ளகின் உண்மையிலேயே அணைந்துவிட்டதா?

“அந்த ப்ளகினைத்தான் டீஆக்டிவேட் பண்ணிட்டேனே சார், அப்புறம் எப்படி உள்ளே வந்தான்?” வேர்ட்பிரஸ் சைட்டுகளைப் பராமரித்துப் பிழைக்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது.

யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டதும் வேர்ட்பிரஸ், டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் டேபிளில் உள்ள ‘ஆக்டிவ் ப்ளகின்ஸ்’ பட்டியலை எடுக்கிறது. அதில் பெயர் உள்ள ப்ளகின்களின் பிஎச்பி ஃபைலை மட்டும் வரிசையாக ஏற்றுகிறது. டீஆக்டிவேட் என்றால் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் போகிறது. அடுத்த கோரிக்கை முதல் வேர்ட்பிரஸ் அதை ஏற்றாது. அணைத்த ப்ளகின்கள் இருபது கிடந்தால் சைட் மெதுவாகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள்.

ஏற்றாத ப்ளகினின் பெயரும் பதிப்பு எண்ணும் அட்மின் பக்கத்தில் எப்படித் தெரிகின்றன? ஃபைலின் முதல் 8 கேபியை வெறும் எழுத்தாகப் படித்து, தலைப்பில் உள்ள குறிப்பு வரிகளை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. ஒரு வரியைக்கூட இயக்குவதில்லை. வேர்ட்பிரஸில் எனக்கு மிகவும் பிடித்த அடக்கமான வேலை இது.

ஆனால் இந்தப் பட்டியல் வேர்ட்பிரஸுக்கு மட்டுமே கட்டுப்பாடு. வெப் சர்வருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ப்ளகின் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி ஃபைல் இருந்து, அதன் முகவரியை ஒருவன் நேராக அடித்தால், தடுப்பு எதுவும் போடாதவரை சர்வர் அதை இயக்கிவிடும். 2020 செப்டம்பரில் ‘ஃபைல் மேனேஜர்’ ப்ளகினில் நடந்தது நினைவிருக்கலாம். ஏழு லட்சம் சைட்டுகளில் இருந்த ப்ளகின். அதனுள் இருந்த எல்ஃபைண்டர் நூலகத்தின் மாதிரி ஃபைல் ஒன்று, பெயரின் வால் மாற்றப்பட்டு, இயங்கக்கூடிய பிஎச்பியாகக் கிடந்தது. லாகின் இல்லாமலே அதன் வழியாக ஃபைல்களை ஏற்றினார்கள். 6.9 பதிப்பில்தான் அடைத்தார்கள். 2011-ல் படங்களின் அளவை மாற்றும் ‘டிம்தம்ப்’ இதே பாடத்தை தீம்களின் பக்கமிருந்து கற்பித்தது. பயன்படுத்தாத தீமின் ஃபோல்டரில் கிடந்த பிரதியும் திறந்த கதவாகவே இருந்தது. பொறுப்பான ஆசிரியர்கள் ஃபைலின் தலையிலேயே, வேர்ட்பிரஸ் வழியாக வராவிட்டால் வெளியேறு என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். புது ப்ளகினைத் திறந்தால் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

கேஷ் ப்ளகின்கள் வேறு ரகம். அவை தம் ஃபோல்டருக்கு வெளியே, டபிள்யூபி-கன்டென்ட்டிலேயே ‘அட்வான்ஸ்டு-கேஷ்’, ‘ஆப்ஜெக்ட்-கேஷ்’ என்று டிராப்-இன் ஃபைல்களை வைக்கும். இவற்றுக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. எந்த ப்ளகினும் ஏறும் முன்பே இவை ஏறிவிடும். முறையாக டீஆக்டிவேட் செய்தால் நல்ல ப்ளகின் தன் ஃபைலைத் தானே எடுத்துவிடும். சைட் விழுந்த பதற்றத்தில் எஃப்டிபியில் போய் ஃபோல்டரை அழித்தால், சுத்தம் செய்யும் கோட் ஓடவே வாய்ப்பில்லை. டிராப்-இன் அநாதையாக அங்கேயே நிற்கும். மஸ்ட்-யூஸ் ப்ளகின்களுக்கோ டீஆக்டிவேட் பட்டனே கிடையாது. ஃபைலை எடுத்தால்தான் உண்டு.

இன்னொரு வேடிக்கை. அணைத்த ப்ளகினை டெலீட் செய்யும்போது, அதற்கு அன்இன்ஸ்டால் கோட் இருந்தால் வேர்ட்பிரஸே அதை எழுப்பி ஒருமுறை ஓடவிடுகிறது. தன் டேபிள்களை அது துடைத்துக்கொண்டு போகட்டும் என்பதற்காக. அதனால் நம்பிக்கையான ப்ளகினை அட்மின் பக்கத்திலிருந்தே நீக்குவேன். திருட்டுப் பதிப்பு என்றோ, உள்ளே எவனோ கை வைத்திருக்கிறான் என்றோ சந்தேகம் வந்தால் அந்தப் பட்டனைத் தொடவே மாட்டேன். பேக்கப் எடுத்துக்கொண்டு, எஃப்டிபியில் ஃபோல்டரை நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கையால் தேடுவேன்.

ஆகவே, பிரச்சினை எந்த ப்ளகினில் என்று கண்டுபிடிக்க டீஆக்டிவேட் செய்யுங்கள். அதற்கு அது அருமையான கருவி. பாதுகாப்புக்கு அதை நம்பாதீர்கள். ப்ளகின் பக்கத்தில் ‘இன்ஆக்டிவ்’ பட்டியலை இன்றே திறந்து, தேவையில்லாததை நீக்குங்கள். வைத்தே ஆகவேண்டியதை, அணைத்திருந்தாலும் அப்டேட் செய்துவிடுங்கள். அதே வரிசையில் ‘மஸ்ட்-யூஸ்’, ‘டிராப்-இன்ஸ்’ என்ற தலைப்புகள் தெரிந்தால் அவற்றையும் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள்.